நட்சத்திரத்தில் இரும்பு எவ்வளவு? தொலைநோக்கி மட்டும் ஏன் போதாது

கேள்வி: நட்சத்திரத்தின் நிறமாலையைத் தொலைநோக்கியிலேயே பதிவு செய்துவிடுகிறோம். அப்புறம் பூமியில் ஆய்வகத்தில் உட்கார்ந்து அணு நிறமாலையை ஏன் அளக்கிறார்கள்?

நட்சத்திர ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் கிடைப்பதுதான் நிறமாலை, அதில் அணுக்கள் உட்கவர்ந்த இடங்களில் கருங்கோடுகள் தெரியும். கோடு எந்த அலைநீளத்தில் விழுகிறது என்று பார்த்தால் அது இரும்பா கால்சியமா என்று தெரிந்துவிடும். ஆனால் எவ்வளவு இரும்பு என்று கேட்டால் சிக்கல் ஆரம்பிக்கிறது. ஒரு கருங்கோடு ஆழமாக இருப்பதற்கு அங்கே அணுக்கள் நிறைய இருப்பது காரணமாக இருக்கலாம், அல்லது அணுக்கள் கொஞ்சமாக இருந்தும் ஒவ்வொன்றும் அந்த நிற ஒளியை மிக எளிதாக உட்கவர்வதாலும் இருக்கலாம். நட்சத்திர ஒளியில் இந்த இரண்டும் ஒன்றோடொன்று பெருக்கப்பட்ட நிலையில்தான் வந்து சேரும், பிரித்தெடுக்க வழியில்லை. இரண்டாவதை ஆய்வகத்தில் தனியாக அளந்தால்தான் முதலாவது கிடைக்கும். எடைக்கல் தப்பென்றால் தராசு எவ்வளவு நல்லதாக இருந்து என்ன பயன்?

இது வெறும் கோட்பாட்டுப் பயம் இல்லை, நம் சூரியனிலேயே நடந்தது. 1960களில் சூரியனின் ஒளிமண்டலத்தில், அதாவது நம் கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பில், இருக்கும் இரும்பைக் கணக்கிட்டபோது, விண்கற்களும் சூரியனின் வெளி அடுக்கான கொரோனாவும் காட்டிய அளவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் வந்தது. பத்து மடங்கு வித்தியாசம்! கோளாறு சூரியனில் இல்லை. அப்போது எல்லோரும் நம்பியிருந்த கோட்டு வலிமை எண்கள், அதாவது ஒவ்வொரு அணுவும் எவ்வளவு எளிதாக ஒளியை உட்கவரும் என்பவை, அமெரிக்கத் தர நிர்ணயப் பணியகத்தில் காற்றில் எரியும் மின்வில்லை (இரண்டு மின்முனைகளுக்கு இடையே எரியும் மின்பொறியை) வைத்து எடுத்தவை. 70 தனிமங்களுக்கு 25,000 கோடுகள், அசாத்தியமான உழைப்பு, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மின்வில்லின் வெப்பநிலையைச் சரியாகப் பிடிப்பது கடினம், அதனால் உயர்ந்த ஆற்றல் மட்டத்திலிருந்து வரும் கோடுகளின் வலிமை கூடுதலாகப் பதிவாகிவிட்டது. வலிமை கூடினால் அணுக்களின் எண்ணிக்கை குறைந்துதானே தெரியும். 1969இல் ஜெர்மனியின் கீல் நகரில் கார்ஸ், கோக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நிலைப்படுத்திய மின்வில்லில் மறுபடி அளந்தார்கள், சூரியனின் இரும்பு விண்கற்களோடு ஒத்துப்போகும் அளவுக்கு ஏறியது.

இப்போது செய்யும் முறை எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் அதில் வெப்பநிலையை ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை. லேசர் துடிப்பால் அணுவை ஒரு குறிப்பிட்ட ஆற்றல் மட்டத்துக்கு ஏற்றி, அது எத்தனை நானோ வினாடியில் இறங்குகிறது என்று பார்ப்பார்கள். அந்த மட்டத்திலிருந்து இறங்கப் பல வழிகள் இருக்கும், ஒவ்வொரு வழியிலும் எத்தனை பங்கு ஒளி வருகிறது என்பதை ஃபூரியே நிறமாலைமானி என்ற ஒளியைப் பிரித்தளக்கும் கருவி தரும். பங்கை அந்த மட்டத்தின் ஆயுட்காலத்தால், அதாவது இறங்க எடுத்த நேரத்தால், வகுத்தால் அந்தக் கோட்டின் நிகழ்தகவு வந்துவிடும், கோட்டின் வலிமை என்று சொன்னது இதைத்தான். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜிம் லாலர் குழு நியோடிமியம், யூரோப்பியம் மாதிரியான அருமண் தனிமங்களுக்கு ஆண்டுக்கணக்கில் இதைச் செய்தது. அதன் பிறகுதான் மிகப் பழைய சில நட்சத்திரங்களில் இந்தத் தனிமங்களின் விகிதம், சூரியனில் உள்ள இவற்றில் அணுக்கருக்கள் வேகமாக நியூட்ரான்களைப் பிடித்ததால் உருவான பங்கோடு எவ்வளவு நெருக்கமாகப் பொருந்துகிறது என்பது தெளிவாகத் தெரிந்தது. ஒரே தனிமத்துக்குக் கோட்டுக்குக் கோடு வேறுபட்டுச் சிதறிக் கிடந்த அளவுகள் ஒன்றுசேர்ந்தன. புதிய தொலைநோக்கி எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

நேரம் இருந்தால் நிஸ்ட்டின் (முன்பு சொன்ன அமெரிக்கத் தர நிர்ணயப் பணியகத்தின் இன்றைய பெயர்) அணு நிறமாலைத் தரவுத்தளத்தைத் திறந்து இரும்பைத் தேடிப் பாருங்கள். கோடுகளின் வலிமை எவ்வளவு துல்லியமாக அளக்கப்பட்டது என்பதற்கு ஆங்கில எழுத்துகளில் தரம் போட்டிருப்பார்கள். கடைசித் தரமான 'E' என்றால் பிழை 50 சதவீதத்துக்கும் மேல். பல கோடுகளுக்கு அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது, இத்தனைக்கும் இரும்பு அதிகம் ஆராயப்பட்ட தனிமங்களில் ஒன்று.