பல்கேரியா ஒயின் எப்படி இருக்கும்? அங்கே போனால் எதைக் குடித்துப் பார்க்கலாம்?

ஒரே ஒரு பாட்டில்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் மாவ்ருத் என்ற உள்ளூர்த் திராட்சையின் சிவப்பு ஒயினை வாங்குங்கள். இரண்டு வாங்க முடிந்தால் இன்னொன்று மெல்னிக், அதுவும் உள்ளூர்ச் சிவப்புதான். உலகம் முழுக்கக் கிடைக்கிற கபெர்னே, மெர்லோ திராட்சை ஒயின்கள் எல்லாம் கடை நிறைய இருக்கும், மோசமும் இல்லை, ஆனால் அதற்காக அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

நான் பிளோவ்திவ் நகரில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரருக்கு அசெனோவ்கிராத் பக்கம், ரோடோபி மலையடிவாரத்தில் கொஞ்சம் திராட்சைத் தோட்டம் உண்டு. வயதானவர், நான் தியாதோ என்றுதான் கூப்பிடுவேன், அவர்கள் மொழியில் தாத்தா. போன புதிதில் கடையில் ஒரு கபெர்னே வாங்கி வந்ததைப் பார்த்துவிட்டு, "நல்ல ஒயின்தான், ஆனால் இது எல்லா நாட்டிலும் கிடைக்குமே" என்று சொல்லிக் கீழே போய், லேபிள் இல்லாத ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தார். அதுதான் மாவ்ருத். நாவல்பழத்தை நசுக்கிய மாதிரி நிறம், நாக்கைப் பிடிக்கிற துவர்ப்பு, பின்னாலேயே ஒரு புளிப்பு. முதல் வாய் கொஞ்சம் முரடாகத்தான் தெரிந்தது. ஆட்டுக்கறியோடு குடித்தபோது அந்தத் துவர்ப்பு எதற்கு என்று புரிந்துவிட்டது.

மாவ்ருத்தின் பழம் சிறியது, தோல் தடிமன். அதனால்தான் அந்த நிறமும் துவர்ப்பும். ஆனால் மிகத் தாமதமாகப் பழுக்கும், அக்டோபர் பாதிவரை காத்திருக்க வேண்டும். மற்றவர்கள் பறித்து முடித்திருப்பார்கள், தியாதோ தினமும் கொத்துக்கு ஒரு பழம் கிள்ளி வாயில் போட்டு விதையைக் கடித்துப் பார்ப்பார். விதை பச்சையாக இருந்தால் இன்னும் நாள் ஆகவில்லை என்று அர்த்தம். சர்க்கரை மட்டும் போதும் என்றால் முன்னாலேயே பறிக்கலாம் (லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை நொதித்தால் 1 சதவீத ஆல்கஹால், அவ்வளவுதான் கணக்கு), தோலின் துவர்ப்பு பழுப்பதற்குத்தான் இந்தக் காத்திருப்பு. நடுவில் பெரிய மழை பிடித்தால் பழம் வெடித்து அழுகும். அந்த இரண்டு வாரமும் அவர் வானத்தைப் பார்த்தபடியே இருப்பார்.

பறித்து நசுக்கியபின் நொதிக்க ஆரம்பித்ததும் தோலெல்லாம் மேலே மிதந்து தடித்த ஆடை மாதிரி கட்டிக்கொள்ளும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை மரக்கட்டையால் அதை உள்ளே அமுக்கிவிட வேண்டும், இல்லையென்றால் மேலே காய்ந்து வினிகர் வாடை வந்துவிடும். இந்த வேலையை நான் செய்திருக்கிறேன், தோள் கழன்றுவிடும். ஒன்று மட்டும் தியாதோ கண்டிப்பாகச் சொல்வார்: நொதிக்கிற நாளில் நிலவறைக்குள் நேராக இறங்கக் கூடாது. கரியமில வாயு தரையோடு தேங்கி நிற்கும், ஆளையே கொன்றுவிடும். கதவைத் திறந்து வைத்துவிட்டு நன்றாகக் காற்றோடிய பிறகுதான் போவார். பிழிந்த சக்கையையும் வீணாக்குவதில்லை, அதைக் காய்ச்சி ரக்கியா என்ற சாராயம் இறக்குவார்கள்.

மாவ்ருத் என்ற பெயருக்கு ஒரு கதை சொல்வார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் கிரும் கான் என்ற அரசர் குடியை ஒழிக்கத் திராட்சைக்கொடிகளை வெட்டச் சொன்னாராம். அப்புறம் கூண்டிலிருந்து தப்பிய சிங்கத்தை மாவ்ருத் என்ற பையன் கொன்றான். இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று அவன் அம்மாவைக் கேட்டால், ஒளித்து வைத்த ஒரு கொடியின் ஒயினைக் கொடுத்து வளர்த்தேன் என்றாளாம். கொடிகளைத் திரும்ப நடச் சொல்லிவிட்டார் அரசர்.

சரி, இவ்வளவு நல்ல பழம் இருந்தும் ஏன் யாருக்கும் தெரியவில்லை? கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் ஒயின் முழுக்க வின்ப்ரோம் என்ற அரசு நிறுவனத்தின் கையில் இருந்தது. அளவுதான் முக்கியம், பெரும்பகுதி சோவியத் ஒன்றியத்துக்குப் போகும். மேற்கே விற்பதற்காகக் கபெர்னேயும் மெர்லோவும் ஏக்கர் ஏக்கராக நட்டார்கள், 1980களில் பிரிட்டனில் மலிவான பல்கேரியக் கபெர்னே நன்றாகவே ஓடியது. 1985இல் சோவியத் தலைவர் கோர்பச்சேவ் மது எதிர்ப்பு இயக்கம் தொடங்கியதும் அந்தப் பெரிய சோவியத் சந்தை சுருங்கிவிட்டது. 1989இல் கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்த பிறகு நிலத்தைப் பழைய சொந்தக்காரர்களுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். நியாயம்தான், ஆனால் துண்டு துண்டாகப் பிரிந்ததில் பல தோட்டங்கள் கவனிப்பாரில்லாமல் கிடந்தன. 2007இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோதுகூட வெளியே "மலிவு ஒயின் நாடு" என்ற பெயர்தான் மிச்சம். இப்போது சிறிய தயாரிப்பாளர்கள் மறுபடி உள்ளூர் பழத்தைப் பிடித்திருக்கிறார்கள், அதில் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

மெல்னிக் ஒயினை முடிந்தால் அதே பெயருள்ள ஊருக்கே போய்க் குடியுங்கள். தென்மேற்கில், கிரேக்க எல்லைக்குப் பக்கத்தில், பல்கேரியாவின் மிகச் சிறிய நகரம் அது. சுற்றிலும் மணற்பாறைக் கூம்புகள். 1754இல் கட்டிய கோர்தோபுலோவ் வீட்டுக்கு அடியில் பாறையைக் குடைந்து செய்த நிலவறை இருக்கிறது, கோடையில் உள்ளே போனால் உடம்பு சிலிர்க்கும். அந்த ஊர்ப் பழத்தின் பெயர் ஷிரோகா மெல்னிஷ்கா, அகன்ற இலை மெல்னிக் என்று பொருள். மாவ்ருத்தைவிட நிறம் வெளுப்பு, புகையிலை மாதிரி ஒரு வாசனை. இதுவும் தாமதமாகப் பழுப்பதால் சீக்கிரம் பழுக்கிற ஒரு கலப்பினத்தை உருவாக்கினார்கள், பாட்டிலில் மெல்னிக் 55 என்று இருக்கும். முதல் தடவை குடிப்பவர்களுக்கு அதுதான் எளிது.

வெள்ளை ஒயின் வேண்டுமென்றால் கருங்கடல் ஓரத்தில் திமியாத் என்ற வெள்ளைத் திராட்சையின் ஒயின், மீனோடு.

பிப்ரவரியில் போகிறவர்கள் 1 அல்லது 14ஆம் தேதி (ஊருக்கு ஊர் மாறும்) ஒரு கிராமத்தில் இருக்கப் பாருங்கள். திரிஃபோன் சரேசான் என்ற திருநாள், கொடிகளைக் கவாத்து செய்யத் தொடங்கும் நாள். மூன்று இடத்தில் வெட்டி, வெட்டிய வாயில் ஒயினை ஊற்றுவார்கள். தியாதோ பாட்டிலின் முதல் பங்கை அந்தக் கொடிக்குக் கொடுத்த பிறகுதான் எங்கள் டம்ளரில் ஊற்றுவார்.