27 வாரத்தில் பிறந்த குழந்தை: கால் விறைப்பும் வாக்கரும்

சகோதரி, 27 வாரத்தில் பிறந்த மகனுக்கு 11 மாதம், இன்னும் உட்காரவில்லை, தூக்கினால் கால் கத்தரிக்கோல் மாதிரி பின்னுகிறது, வாக்கர் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். நுனிக்காலால் உந்தி உந்திக் கெண்டைக்கால் தசை இன்னும் இறுகும்.

13 வாரம் முன்னால் பிறந்ததால் அவனுடைய திருத்திய வயது, அதாவது பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணும் வயது, 8 மாதம்தான். அதனால் உட்காராததை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். கால் பின்னுவது அப்படியில்லை, அது தசை இறுக்கம். "போகப் போகச் சரியாயிடும்" என்பவர்கள் பேச்சைக் கேட்டுக் காத்திருக்காதீர்கள். அரசு மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்தில் (DEIC, வளர்ச்சியில் சிக்கல் உள்ள குழந்தைகளுக்கானது) பிசியோதெரபி இலவசம். டிஸ்சார்ஜ் சம்மரி, மூளை ஸ்கேன், விழித்திரைப் பரிசோதனை, காதுக்கான பெரா ரிப்போர்ட் எல்லாம் கொண்டுபோங்கள்.

டயபர் மாற்றும்போது கணுக்காலைப் பிடித்துத் தூக்காதீர்கள், விறைப்பு கூடும். முழங்காலை மெதுவாக மடக்கி, தொடைப் பக்கம் பிடித்து விரியுங்கள். இடுப்பில் வைக்கும்போதும் இரண்டு காலும் உங்கள் இருபுறமும் இருக்கட்டும். நெஞ்சுக்கடியில் சுருட்டிய துண்டு வைத்து, கைகளை முன்னால் விட்டு, மூன்று நான்கு நிமிடம் குப்புறப் போடுங்கள். பால் குடித்த உடனே வேண்டாம், பக்கத்திலேயே இருங்கள்.

தூங்கி எழும்போது குழந்தையின் உடம்பு தொடர்ச்சியாகத் தூக்கித் தூக்கிப் போட்டால் வீடியோ எடுத்துக்கொண்டு அன்றைக்கே குழந்தை நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.