காத்திருப்புக் கூடத்துக்கு ஏசி வேண்டாம், கூரையைப் பாருங்கள்

கேள்வி: விருதுநகர் பக்கம் எங்கள் ஊர் அறக்கட்டளை ஒரு கிளினிக் நடத்துகிறது. காத்திருப்புக் கூடம் 20க்கு 30 அடி, கான்கிரீட் கூரை. மதியத்தில் நோயாளிகள் உட்காரவே முடிவதில்லை. ஃபால்ஸ் சீலிங், இரண்டு ஏசி, முன்புறம் புல்தரை, எல்லாம் சேர்த்துப் ‘பசுமை பேக்கேஜ்’ என்கிறார் ஒப்பந்ததாரர். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். வெயில் அடிப்பது கூரையின் மேல்பக்கம். கீழே அட்டை கட்டினால் கான்கிரீட் சூடாவது நிற்காது. எலியும் பல்லியும் குடியேறும், ஒழுகினாலும் எங்கே என்று தெரியாது.

முதலில் மாடியில் உள்ள வெடிப்புகளை அடைத்துவிடுங்கள். பிறகு வெள்ளைச் சுண்ணாம்பை முந்தின இரவே நீற்றி, வடிகட்டி, கொஞ்சம் பசை சேர்த்து மூன்று கோட் அடியுங்கள். ஆண்டுதோறும் பங்குனியில் மறுபடி அடிக்க வேண்டும். கூல் ரூஃப் பெயின்ட்தான் வேண்டுமென்றால், ‘10 டிகிரி குறையும்’ என்ற பேச்சை நம்பாதீர்கள். சோதனை அறிக்கையைக் கேட்டு, எஸ்.ஆர்.ஐ. என்ற எண் (வெயில் சூட்டைத் தள்ளிவிடும் திறனின் அளவு) 78க்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அறிக்கை காட்டாதவரிடம் வாங்க வேண்டாம்.

அடுத்தது காற்று. சாதாரண ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது, அறைக்காற்றையே சுற்றவிடும். காசநோய், அம்மை, ஃப்ளூ என்று பலரும் இருமிக்கொண்டு உட்காரும் இடம் அது. உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டுதல் புறநோயாளர் பகுதியில் ஆளுக்கு விநாடிக்கு 60 லிட்டர் வெளிக்காற்று வேண்டும் என்கிறது. எளிய கணக்கு: காற்று வரும் திறப்பு, தரைப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு. உங்கள் 600 சதுர அடிக்கு 120 சதுர அடி, அதுவும் எதிரெதிர்ச் சுவர்களில் பாதிப் பாதியாக. ஏமாறும் இடம் இங்கேதான். 4க்கு 4 ஸ்லைடிங் ஜன்னலை 16 சதுர அடி என்று எஸ்டிமேட்டில் போடுவார்கள். ஒரு கதவு இன்னொன்றின் பின்னால் ஒதுங்குவதால் உண்மையில் திறப்பது 8தான். முழுவதும் திறக்கும் கதவுள்ள ஜன்னல் வையுங்கள். கொசுவலை காற்றைக் குறைக்கும், ஆகவே வலை உண்டென்றால் இன்னும் ஓரிரு ஜன்னல் கூட்டுங்கள்.

ஏசி தேவைப்படும் இடம் ஒன்று உண்டு: மருந்து அறை. பல மருந்துப் பெட்டிகளில் ‘30 டிகிரிக்கு மேல் வைக்காதீர்’ என்று அச்சிட்டிருக்கும். மேற்கு வெயில் படும் அறையில் அடுக்கினால் சித்திரையில் அந்த அளவு தாண்டிவிடும், மாத்திரை பார்க்க அப்படியே இருந்தாலும் வீரியம் குறையக்கூடும். அந்த அறையை வடகிழக்கு மூலைக்கு மாற்றி, தெர்மாமீட்டர் தொங்கவிட்டு, மதியம் 3 மணிக்குத் தினமும் குறித்துவாருங்கள். அப்போதும் 30ஐத் தாண்டினால் ஒரு ஏசி அங்கே போகட்டும். இன்சுலினும் தடுப்பூசியும் இந்தக் கணக்கில் வராது. அவற்றுக்கு 2 முதல் 8 டிகிரி, தனிக் குளிர்பெட்டி.

புல்தரை? 1,000 சதுர அடிப் புல் கோடையில் நாளுக்கு 400 லிட்டராவது குடிக்கும். விருதுநகர்ப் பக்கம் அது அநியாயம். எஸ்டிமேட்டில் புல்லுக்கு ஒரு வரி இருக்கும், தண்ணீர் ஊற்றுகிறவர் சம்பளத்துக்கு ஒரு வரியும் இருக்காது. நன்கொடையாளர்களும் அப்படியே: பெயர்ப்பலகை மாட்டக்கூடிய ஏசிக்குப் பணம் தருவார்கள், சுண்ணாம்புக்குத் தரமாட்டார்கள்.

மேற்குச் சுவரிலிருந்து 15 அடி தள்ளி வேம்பும் புங்கனும் வையுங்கள். இரண்டரை அடிக் குழி, மக்கிய எரு, ஐப்பசி மழைக்கு முன் நடவு, இரண்டு கோடைக்குத் தண்ணீர். செப்டிக் டேங்க் பக்கம் மரம் வேண்டாம். நர்சரிக்காரர் ‘சீக்கிரம் வளரும்’ என்று கோனோகார்பஸ் தள்ளப் பார்ப்பார். குஜராத் அரசு 2023இலேயே தடைசெய்த மரம் அது. அழகுக்கு என்று செவ்வரளியும் கொண்டுவருவார். இலை, பூ, காய் எல்லாம் விஷம், குழந்தைகள் காத்திருக்கும் வாசலில் அது கூடவே கூடாது.

‘பசுமைச் சான்றிதழ்’ வாங்கித் தருகிறேன் என்று தரகர் வந்தால் திருப்பி அனுப்புங்கள். இந்த அளவுக் கிளினிக்குக்கு அது தேவையில்லை. ஒப்பந்ததாரரிடம் ‘பேக்கேஜ்’ தொகையைப் பிரித்து, வேலை வாரியாக, அளவோடு எழுதி வாங்குங்கள். கடைசித் தவணையை ஒரு மழை பெய்து கூரை ஒழுகவில்லை என்று பார்த்த பிறகே கொடுங்கள்.