லேசிக் செய்துகொள்ள லண்டனிலிருந்து சென்னைக்கு வரலாமா?

கேள்வி: வயது 28. லண்டன் ஹாரோவில் இருக்கிறேன். வலது கண் பவர் மைனஸ் 5.25, இடது மைனஸ் 6. தினமும் 12 மணி நேரம் சாஃப்ட் காண்டாக்ட் லென்ஸ் போடுகிறேன். கோடையில் மகரந்த அலர்ஜியால் கண் ரொம்ப அரிக்கும். தங்கை கல்யாணத்துக்கு 16 நாள் லீவில் சென்னை வருகிறேன். லண்டனைவிட அங்கே செலவு மிகவும் குறைவு. வந்ததும் லேசிக் செய்துகொண்டு, ஐந்தாம் நாள் கல்யாணத்தில் கண்ணாடி இல்லாமல் நிற்க முடியுமா?

பதில்: சிகிச்சைக்கு வரலாம். சென்னை, மதுரை, கோவையில் உள்ள நல்ல கண் மருத்துவமனைகளில் லேசர் சிகிச்சை பல வருடங்களாக நடக்கிறது. கண்ணாடியைத் தவிர்க்கச் செய்யும் லேசருக்கு பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ் பொதுவாகப் பணம் தராது என்பதால், நீங்கள் செலவைப் பார்ப்பதிலும் தப்பில்லை. ஆனால் ஐந்தாம் நாள் கணக்குக்கு என்னால் சம்மதிக்க முடியாது.

முதல் தடை உங்கள் லென்ஸ். தினமும் போடும் லென்ஸ் கருவிழியின் வளைவைக் கொஞ்சம் மாற்றிவிடும். கழற்றிய உடனே அது பழைய நிலைக்கு வராது. அந்த நேரத்தில் எடுத்த அளவை நம்பி லேசர் வைத்தால் பவர் மிச்சம் நிற்கலாம். உங்களைப் போல நாள் முழுக்க லென்ஸ் போடுகிறவர்கள் பரிசோதனைக்கு முன் இரண்டு வாரமாவது அதை நிறுத்த வேண்டும். சிகிச்சை முடியும்வரை மறுபடி போடவும் கூடாது. சிகிச்சையைக் கல்யாணத்துக்குப் பிறகுதான் வைக்கச் சொல்வேன், காரணம் கீழே. அதாவது, இந்தப் பயணத்திலேயே சிகிச்சை என்றால் கல்யாணத்தில் கண்ணாடியோடுதான் நிற்பீர்கள். வருத்தமாகத்தான் இருக்கும், ஆனாலும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டாவது, நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அரிப்பு. எனக்கு அதுதான் பெரிய விஷயம். கண்ணை அடிக்கடி கசக்குபவர்களுக்குக் கருவிழி மெலிந்து கூம்பாக முன்தள்ளும் கெரட்டோகோனஸ் வர வாய்ப்பு அதிகம். ஆரம்பத்தில் வெளியே எதுவும் தெரியாது, கருவிழியின் வளைவைப் படமாகக் காட்டும் டோப்போகிராஃபி ஸ்கேனில்தான் பிடிபடும். அது இருக்கும் கண்ணில் லேசிக் செய்தால் பார்வை வருடக்கணக்கில் மோசமாகிக்கொண்டே போகலாம்.

கருவிழியின் தடிமனும் முக்கியம். சராசரியாக அது 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். உங்கள் இடது கண்ணுக்கு, லேசருக்கு வழிவிடக் கருவிழியின் மேல்பரப்பில் மெல்லியதாக வெட்டித் திறக்கும் மூடி சுமார் 110 மைக்ரான். 6 பவரைக் குறைக்க லேசர் எடுப்பது ஏறக்குறைய 84. மீதி 346, தாராளம். அதே கண் 470 மைக்ரான்தான் என்றால் மீதி 276. குறைந்தது 250 மிஞ்ச வேண்டும் என்பது பழைய விதி. நான் 300-க்குக் கீழே போகத் தயங்குவேன்.

அதனால் ஸ்கேனை லண்டனிலேயே எடுத்து, இங்குள்ள மருத்துவருக்கு முன்கூட்டியே அனுப்புங்கள். முழுப் பணத்தையும் கட்டிவிட்டு, காலையில் பரிசோதனை, மாலையில் சிகிச்சை என்று வரும் ‘பேக்கேஜ்’ வேண்டாம். பணம் கட்டி விமானம் ஏறி வந்தவரிடம் ‘உங்கள் கண்ணுக்கு இது சரிப்படாது’ என்று சொல்வதும் கஷ்டம், அவர் அதைக் கேட்டுக்கொள்வதும் கஷ்டம்.

ஸ்கேன் நன்றாக இருந்தால், கல்யாணம் முடிந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ செய்துகொள்ளுங்கள். ஹோமப் புகை, கண் மை, சாம்பிராணி எல்லாம் ஓய்ந்திருக்கும். முதல் சில மணி நேரம் மணல் விழுந்தது போல உறுத்தி, கண்ணீர் வழியும். கசக்கவே கூடாது, ஏனென்றால் மூடிக்குத் தையல் கிடையாது. மறுநாள் பார்வை பளிச்சென்று தெரியும். அப்புறம் இரண்டாம், மூன்றாம் நாளில் வலியே இல்லாமல் மங்கலானால் மூடிக்கு அடியில் அழற்சி இருக்கலாம். அன்றே காட்டி, மணிக்கொரு தடவை ஸ்டீராய்டு சொட்டு, தேவைப்பட்டால் மூடியைத் தூக்கிக் கழுவுதல் என்று பார்த்தால் சரியாகிவிடும். ஒரு வாரம் விட்டால் தழும்பாகும். இதற்காகத்தான் பத்து நாளாவது ஊரில் இருங்கள் என்கிறேன். விமானத்தில் ஏறுவது தனியாக ஒரு ஆபத்தில்லை.

மூடி இல்லாத ஸ்மைல் முறைக்கும் இதே பரிசோதனைகள்தான். மூடி வெட்டாமல், கருவிழியின் மேல்தோலை நீக்கிவிட்டு லேசர் வைக்கும் பிஆர்கே என்று சொன்னால் இந்த விடுமுறையில் வேண்டாம். முதல் நாலைந்து நாள் வலிக்கும்; ஸ்டீராய்டு சொட்டைப் பல வாரம் போட வேண்டியிருப்பதால், லண்டனில் ஒருவர் கண் அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

லண்டனில் ஒரு மாதம், மூன்று மாதம் கழித்து யார் பார்ப்பார்கள் என்பதைக் கிளம்பும் முன்பே பேசி முடிவுசெய்யுங்கள். திடீர் வலி, மங்கல் என்றால் சிட்டி ரோட்டிலுள்ள மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையின் அவசரப் பிரிவு இருக்கிறது. மிச்சப் பவருக்கு மறுபடி லேசர் வேண்டுமென்றால் அந்த அவசரப் பிரிவு செய்யாது; லண்டனில் தனியாகப் பணம் கட்ட வேண்டும், இல்லையென்றால் திரும்ப இங்கே டிக்கெட் எடுக்க வேண்டும். செலவை ஒப்பிடும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கண் வறட்சி சில மாதம் இருக்கும். பிரிசர்வேட்டிவ் இல்லாத கண்ணீர்ச் சொட்டு கையோடு இருக்கட்டும்.

ஊருக்குக் கிளம்பும்போது, சிகிச்சைக்கு முந்தைய ஸ்கேன், பவர், கருவிழி வளைவின் அளவுகள், எவ்வளவு எடுத்தார்கள் என்ற குறிப்பு எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பின்னாளில் கண்புரை ஆபரேஷன் வந்தால், உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிட அந்த அளவுகள் உதவும்.