புது பெட் டிரேசர் ஆய்வில் மகனைச் சேர்க்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. போன வருடம் முழங்காலுக்கு மேலே தொடை எலும்பில் ஆஸ்டியோசார்கோமா என்ற எலும்புப் புற்றுநோய் இருப்பதாகச் சொல்லி, கீமோ கொடுத்து, கட்டியை எடுத்துவிட்டு உலோக மூட்டு பொருத்தினார்கள். இப்போது எடுத்த பெட் ஸ்கேனில் அந்த மூட்டைச் சுற்றி ஒளிர்கிறதாம். கட்டி திரும்பிவிட்டதா, வேறு ஏதாவதா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்கிறார்கள். ‘ஃபாப்பி’ என்ற புது டிரேசரை (ஸ்கேனுக்காக ஊசியில் போடும் கதிரியக்க மருந்து) வைத்து ஓர் ஆய்வு நடக்கிறது, அதில் சேர்கிறீர்களா என்றும் கேட்கிறார்கள். பிள்ளை உடம்பில் இப்படிச் சோதித்துப் பார்க்க விடலாமா டாக்டர்? கதிர்வீச்சு பயமாக இருக்கிறது. – ஒரு வாசகி, திருநெல்வேலி.

பதில்: சேர்க்கலாம் அம்மா. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒன்றைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: ‘புது ஸ்கேனில் ஓர் இடம் ஒளிர்ந்தால், அங்கே பயாப்சி, அதாவது திசுவில் சிறு துண்டு எடுத்துச் சோதித்து, உறுதி செய்வீர்களா?’ இந்த ஆய்வில் சோதனைக்கு உள்ளாவது டிரேசர்தான். அது இன்னும் தன்னை நிரூபிக்க வேண்டிய நிலையில் இருக்கிறது. அதன் படத்தை மட்டும் நம்பிக் காலை மறுபடி திறக்கவும் கூடாது, ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பவும் கூடாது.

ஏற்கெனவே எடுத்த ஸ்கேன் ஏன் குழப்புகிறது? அதில் போட்ட ஊசி பெரும்பாலும் எஃப்டிஜியாக இருக்கும். குளுக்கோஸ் போன்ற ஒரு பொருளில் ஃப்ளோரின்-18 என்ற கதிரியக்க அணுவைச் சேர்த்துச் செய்வது அது. சர்க்கரையை அதிகம் இழுக்கும் செல்களுக்குள் புகுந்து அங்கேயே சிக்கிக்கொள்ளும். புற்றுநோய் செல்கள் இழுக்கும், சரி. ஆனால் கிருமித் தொற்று உள்ள இடமும் இழுக்கும், ஆறிக்கொண்டிருக்கும் திசுவும் இழுக்கும். உலோக மூட்டு வைத்த காலில் இன்னொரு சிக்கலும் உண்டு. உலோகம் சிடி படத்தைக் கெடுக்கும். அந்த சிடியை வைத்தே பெட் படத்தைக் கணக்கிட்டுத் திருத்துவதால், உலோகத்தின் ஓரத்தில் இல்லாத ஒளிர்வும் இருப்பதுபோல் தெரியலாம். இதற்காகவே திருத்தம் செய்யாத மூலப் படத்தையும் நாங்கள் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். மூட்டைச் சுற்றி மெல்லிய வளையமாக ஒளிர்வதற்கும், ஓரிடத்தில் திரண்டு ஒளிர்வதற்கும் வித்தியாசம் உண்டு. உங்கள் மகனின் ரிப்போர்ட்டில் எது எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். மூலப் படத்தைப் பார்த்தார்களா என்பதையும் கேளுங்கள். சில நேரம் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஃபாப்பி வேறு வழியில் வேலை செய்கிறது. கட்டிகளைச் சூழ்ந்திருக்கும் ஒருவகை நார்த்திசு செல்களில் ஒரு புரதம் மிகுதியாக இருக்கும். சில சார்கோமாக்களில் (எலும்பு, தசை போன்றவற்றில் வரும் புற்றுநோய்கள்) புற்றுநோய் செல்களே அதை வைத்திருக்கும். அந்தப் புரதத்தைத் தேடிப்போய் ஒட்டுவதுதான் ஃபாப்பி. ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் உருவாக்கப்பட்டு 2018-இல் வெளிவந்தது. 2019-இல் அதை உருவாக்கியவர்களே 28 வகைப் புற்றுநோய்களில் செய்து பார்த்தபோது, மிக அதிகமாக ஒளிர்ந்தவற்றில் சார்கோமாவும் ஒன்று. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் சார்கோமா ஒரு பெரிய குடும்பம். அந்த முடிவை ஆஸ்டியோசார்கோமாவுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. எலும்பு கூடும் இடத்திலும், அறுவை சிகிச்சைத் தழும்பிலும், தேய்ந்த மூட்டிலும்கூட ஃபாப்பி ஒளிரும். அதாவது, உங்கள் மகன் காலில் உள்ள அதே சந்தேகத்தை இதுவும் கிளப்பக்கூடும். பயாப்சியை நான் இவ்வளவு வலியுறுத்துவது அதனால்தான்.

இப்படிச் சோதித்து வென்ற டிரேசர்களும் இருக்கின்றன. புராஸ்டேட் புற்றுநோய்க்கான பிஎஸ்எம்ஏ டிரேசர் இதே பாதையில் வந்ததுதான். ஸ்கேனில் தெரிந்ததை அறுவை சிகிச்சையில் எடுத்த திசுவோடும் பயாப்சியோடும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே, 2020 டிசம்பரில் அமெரிக்காவில் கேலியம்-68 பிஎஸ்எம்ஏவுக்கு அனுமதி கிடைத்தது. இன்று அது அன்றாடப் பயன்பாட்டில் இருக்கிறது என்றால், அன்று சம்மதித்த நோயாளிகளால்தான்.

கதிர்வீச்சுக்கு வருவோம். ஃபாப்பியில் பெரும்பாலும் சேர்ப்பது கேலியம்-68. 68 நிமிடத்துக்கு ஒருமுறை அதன் வீரியம் பாதியாகிவிடும். மறுநாள் காலையில் ஏறக்குறைய எதுவும் மிஞ்சாது. ஊசியால் உடம்புக்குக் கிடைப்பது, போடும் அளவைப் பொறுத்து, சுமார் 2 முதல் 4 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு). எஃப்டிஜியில் இது 5 முதல் 7 வரை போகும். இயற்கையிலிருந்து உலகில் ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாகக் கிடைப்பதே 2.4 மில்லிசீவர்ட். ஊசியைவிட, கூடவே எடுக்கும் சிடி ஸ்கேனைப் பற்றித்தான் நீங்கள் கேட்க வேண்டும். நல்ல சிடி சமீபத்தில் எடுத்திருந்தால், இதைக் குறைந்த டோஸில் எடுக்கச் சொல்லலாம். மருந்தின் அளவும் மைக்ரோகிராம் கணக்கில்தான் இருக்கும் என்பதால், பக்கவிளைவு வருவது அரிது.

ஆனால் படிவத்தில் ‘சிர்கோனியம்-89’ என்று இருந்தால் கதை வேறு. ஆன்டிபாடியோடு சேர்த்துப் போடும் அது பாதியாகவே மூன்று நாளுக்கு மேல் ஆகும். ஊசி போட்டுச் சில நாள் கழித்துத்தான் படம் எடுப்பார்கள், கதிர்வீச்சும் பல மடங்கு. 16 வயதுப் பிள்ளைக்கு அதற்குச் சம்மதிக்க நான் தயங்குவேன்.

ஸ்கேன் அன்று பெரிதாக ஒன்றும் இருக்காது. கையில் கேனுலா போட்டு, ஈயக் கவசம் மாட்டிய சிரிஞ்சில் மருந்தை ஏற்றுவார்கள். தனி அறையில் சுமார் ஒரு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். நீங்கள் வெளியேதான் இருக்க வேண்டியிருக்கும், அதை மகனிடம் முன்பே சொல்லி வையுங்கள். எஃப்டிஜிக்குப் போல வெறும் வயிறு பெரும்பாலும் தேவைப்படாது. நிறையத் தண்ணீர் குடித்து, மேசையில் ஏறும் முன் சிறுநீர் கழித்துவிட வேண்டும். டிரேசர் சிறுநீரில்தான் வெளியேறும்.

நுரையீரலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். ஆஸ்டியோசார்கோமா பரவினால் முதலில் போவது பெரும்பாலும் அங்கேதான். சில மில்லிமீட்டர் அளவே உள்ள கட்டிகளை எந்த பெட் ஸ்கேனும், புது டிரேசரும்கூட, தவறவிடலாம். ஃபாப்பி எடுத்தாயிற்று என்று மார்பு சிடியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அதேபோல், ஆய்வில் இடம் கிடைக்கும்வரை என்று பயாப்சியையும் வாரக்கணக்கில் தள்ளக் கூடாது. தேதி தாமதமானால் ஆய்வை விட்டுவிடுங்கள்.

ஆய்வுக்கான ஸ்கேனுக்கு உங்களிடம் பணம் வாங்கக் கூடாது. ஆய்வால் உடம்புக்கு ஏதாவது ஆனால் இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள் சொல்கின்றன. ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கி வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படியுங்கள். எத்திக்ஸ் கமிட்டி அனுமதியும், மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடான சிடிஆர்ஐயின் பதிவு எண்ணும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். பாதியில் விலகினாலும் வழக்கமான சிகிச்சை குறையாது, அது உங்கள் உரிமை.

உங்கள் கையெழுத்து மட்டும் போதாது. 12 முதல் 18 வயதுக்குள் இருப்பவர்களிடம் எழுத்தில் தனி இசைவு வாங்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) நெறிமுறை இருக்கிறது. அந்தத் தாளை அவனே படிக்கட்டும். கேள்விகளை அவனே டாக்டரிடம் கேட்கட்டும். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். பயாப்சி தேதியை வாங்கிக்கொண்டு வாருங்கள்.