அப்பா கேட்கும் ஊசியும் நம் நாட்டுச் சட்டமும்

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "பால்மரத் தோட்டத்தில் உழைத்து ஓய்வுபெற்ற என் அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய் முற்றிவிட்டது. 'ஊசி போட்டு அனுப்பிவிடச் சொல்' என்கிறார். சில நாடுகளில் இதற்குச் சட்டம் உண்டாமே, இங்கே டாக்டரிடம் கேட்கலாமா?"

கேட்பதில் தவறில்லை, ஆனால் மலேசியாவில் எந்த மருத்துவரும் அதற்கு இணங்க முடியாது. தண்டனைச் சட்டத்தின் 306ஆம் பிரிவு, தற்கொலைக்கு உடந்தையாக இருப்பவருக்குப் பத்தாண்டு வரை சிறை விதிக்கிறது. மருத்துவரே ஊசி செலுத்தினால், நோயாளியின் சம்மதம் குற்றத்தின் கடுமையைக் குறைக்கலாமே தவிர குற்றத்தை நீக்காது. 2023இல் நீக்கப்பட்டது தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டித்த 309ஆம் பிரிவு. அதைக் காட்டி 'சட்டம் மாறிவிட்டது' என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம்.

நெதர்லாந்தில் 2002 முதலும் கனடாவில் 2016 முதலும் மருத்துவரே மருந்தைச் செலுத்தலாம். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்திலோ, ஆறு மாதங்களுக்குள் இறப்பார் என்று இரு மருத்துவர்கள் உறுதிசெய்த, தெளிந்த மனநிலையுள்ள நோயாளி தானே மருந்தை உட்கொள்ள வேண்டும்; ஊசி போடுவது அங்கும் குற்றமே.

அப்பாவுக்கு எது தாங்க முடியவில்லை என்று பொறுமையாகக் கேளுங்கள். வலி, மூச்சுத்திணறல், மனச்சோர்வு, பிள்ளைகளுக்குப் பாரமாகிவிட்டோம் என்ற எண்ணம் என எதுவாயினும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லி, வலிதணிப்புப் பராமரிப்புப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு வாங்குங்கள்.

மார்ஃபின் என்ற வலிநிவாரணியைக் கொடுத்தால் கதை முடிந்துவிடும் என்ற அச்சத்தால் மருந்தைப் பூட்டி வைக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அதனால் தணியாமல் போகும் வலிதான் பலரை இப்படிக் கேட்க வைக்கிறது என்பது என் கருத்து. மருத்துவர் சிறிது சிறிதாக அளவை ஏற்றி, நான்கு மணிக்கொரு முறை கொடுக்கச் சொல்லும் மார்ஃபின் சிரப் ஆயுளைக் குறைப்பதில்லை. குறைந்த அளவிலேயே மூச்சுத்திணறலையும் தணிக்கக்கூடும். மலச்சிக்கல் பெரும்பாலும் வரும் என்பதால் மலமிளக்கியையும் சேர்த்தே கேளுங்கள்.

சுவாசக் கருவியோ உணவு செலுத்தும் குழாயோ வேண்டாம் என்று மறுக்க, தெளிந்த மனநிலையுள்ள நோயாளிக்கு உரிமை உண்டு, அது தற்கொலையாகாது. சிங்கப்பூரில் 1996இலேயே வந்த, உயிரை நீட்டிக்கும் சிகிச்சை வேண்டாம் என்று முன்னதாகவே எழுதிவைக்க வழிசெய்யும் முன்கூட்டிய மருத்துவ அறிவுறுத்தல் சட்டம் போன்று இங்கே தனிச்சட்டம் இல்லாததால், அப்பா பேசக்கூடிய நிலையில் இருக்கும்போதே, அண்ணன் தம்பிகள் அனைவரையும் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் அதைச் சொல்லச் செய்து, நோயாளிக் குறிப்பில் பதிய வையுங்கள். வீட்டிலேயே உயிர் பிரிய வேண்டுமென அவர் விரும்பினால், நோய் விவரக் கடிதம் ஒன்றையும் இப்போதே வாங்கி வையுங்கள். பிற்பாடு அடக்க அனுமதி பெறும்போது அது கைகொடுக்கும்.