ஆடிட்டர் கேட்காமல் போன கேள்வி

கேள்வி: என் அக்கா மகள் திண்டுக்கல் பக்கம் ஒரு நூல் மில்லில் விடுதியில் தங்கி வேலை செய்கிறாள். மூன்று வருடம் முடித்தால்தான் மொத்தப் பணம், நடுவில் வந்தால் ஒன்றும் கிடையாதாம். ஆனால் வெளிநாட்டுத் துணிக் கம்பெனிகள் 'எங்கள் சரக்கில் கட்டாய உழைப்பு இல்லை' என்று வருடா வருடம் அறிக்கை விடுகின்றனவே, எதைப் பார்த்துச் சொல்கிறார்கள்?
- ஒரு வாசகி, ஆண்டிபட்டி

பதில்: பெரும்பாலும் தாளைப் பார்த்துத்தான் அம்மா. அந்தத் தாள்களைத் தயார் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் பதினாறு வருடம் கம்ப்ளையன்ஸ் (தொழிலாளர் விதிகள் சரியாக நடக்கிறதா என்று வாங்குபவர்களுக்குக் காட்டும் வேலை) பார்த்தேன். ஆடிட் தேதி முன்கூட்டியே தெரிந்துவிடும். முந்தின நாள் ஷிப்ட் முடிந்ததும் பெண்களை கேன்டீனில் உட்கார வைத்து ஒத்திகை. ஒருமுறை ஆடிட்டர் ஒரு பெண்ணிடம் "உங்க ஊர் எது?" என்றார். "எட்டு மணி நேரம் சார்" என்றாள். நாங்கள் சொல்லிக்கொடுத்த வரிசையில் அதுதான் முதல் பதில். ஆடிட்டர் சிரித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

அந்த ஆடிட்டும் தையல் யூனிட்டோடு நின்றுவிடும். நூல் எந்த மில்லில் இருந்து வந்தது என்பதற்கு எங்களிடம் இருந்தது பில் மட்டும்தான். சுமங்கலித் திட்டம் (சில வருடம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தப் பணம் என்று பெண்களைச் சேர்ப்பது), கேம்ப் கூலி (விடுதியில் தங்க வைத்து வேலை வாங்குவது) எல்லாம் இருந்தது அந்த மில் காம்பவுண்டுக்குள்.

அறிக்கைக்கு வருவோம். பிரிட்டனில் 2015-ல் வந்த சட்டப்படி பெரிய கம்பெனிகள் கட்டாய உழைப்பைத் தடுக்க என்ன செய்தோம் என்று ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட வேண்டும். 'நாங்கள் எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை' என்று எழுதினாலும் சட்டப்படி சரிதான்! அமெரிக்காவின் வழி வேறு. சீனாவில் பஞ்சு அதிகம் விளையும் ஷின்ஜியாங் பகுதிச் சரக்கு என்றாலே கட்டாய உழைப்பில் ஆனது என்று 2022 ஜூன் முதல் எடுத்துக்கொள்கிறார்கள். இல்லை என்று நிரூபிப்பது இறக்குமதி செய்பவர் பாடு. அப்புறம்தான் பஞ்சு பேல் நம்பர் வரை எங்களிடம் கேட்க ஆரம்பித்தார்கள். கப்பலில் சரக்கு நின்றால் வரும் அக்கறை, அறிக்கையில் வராது.

எனக்கு நம்பிக்கை தந்தது உங்கள் பக்கத்து மாவட்டத்துச் சங்கதிதான். திண்டுக்கல் அருகே ஒரு ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்ட பிறகு, பெண்களே முன்னின்று நடத்தும் தொழிற்சங்கம் ஒன்று போராடி, 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. எச் அண்ட் எம் என்ற வெளிநாட்டுத் துணி பிராண்டு கையெழுத்திட்டது. பின்னர் கேப், பிவிஎச் என்ற அமெரிக்கத் துணிக் கம்பெனிகளும் சேர்ந்தன. தொழிற்சாலை மீறினால் ஆர்டரில் கைவைக்க வேண்டும் என்று பிராண்டையே சட்டப்படி கட்டிப்போட்ட ஒப்பந்தம் அது. கண்காணித்தவர்கள் வெளியூர் ஆடிட்டர்கள் இல்லை, கண்காணிக்கப் பயிற்சி பெற்ற, அதே லைனில் தைத்த பெண்கள். முதல் வருடம் வந்த 185 புகாரில் 182 தீர்ந்தன. எங்கள் பதினாறு வருட ஆடிட் கோப்புகளில் தொழிலாளி எழுதிய புகார் ஒன்றுகூட இருந்த ஞாபகம் இல்லை. எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள் என்றா அர்த்தம்?

சரி, உங்கள் அக்கா மகள் விஷயம். அந்தப் பணம் மில் தரும் சீர் இல்லை, அவள் உழைத்த கூலி. கூலியைப் பிடித்து வைப்பதும் வெளியே விடாமல் வைப்பதும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு சொல்லும் கட்டாய உழைப்பின் 11 அடையாளங்களில் வருகின்றன. இங்கேயும் 1976 முதல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் உண்டு. போனில் பேசும்போது மூன்றே விஷயம் கேளுங்கள்: சம்பளம் யார் பெயரில் உள்ள கணக்கில் விழுகிறது, ஆதார் அட்டை யாரிடம் இருக்கிறது, வெளியே போக கேட் பாஸ் யார் தருகிறார்கள். பக்கத்தில் வார்டன் நின்றால் 'ஆமா', 'இல்ல' என்று பதில் வரும்படி கேட்டுக்கொள்ளுங்கள். பதிலை அப்படியே தாளில் எழுதி, மில் இருக்கும் மாவட்டத்தின் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.